மேலு வலி என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள்: தைராய்டு, மூட்டுவாதம், ஃபைப்ரோமயால்ஜியா மூன்றும் சேர்ந்து வந்தவர்களுக்கு

எங்கள் பக்கம் உடம்புக்கு முடியவில்லை என்றால் "மேலுக்குச் சொகமில்ல" என்போம். "மேலு வலிக்கு" என்று ஒருத்தி சொன்னால் அதற்குள் காய்ச்சல் இருக்கலாம், அசதி இருக்கலாம், மனக்கஷ்டமும் இருக்கலாம். தைராய்டும் மூட்டுவாதமும் ஃபைப்ரோமயால்ஜியாவும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு வந்த காலத்தில், டாக்டரிடம் நானும் பல வருஷம் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றையே சொன்னேன், அவர்களும் ஒன்றையே கொடுத்தார்கள். வலி மாத்திரை, அது கேட்காவிட்டால் இன்னொரு வலி மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் ஊசி.

எனக்கு இப்போது 47 வயது. திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்து ஊர். பதினைந்து வயதில் மடியில் சொளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றத் தொடங்கிய கை இது. 31 வயதில் தைராய்டு. 38இல் ருமட்டாய்டு மூட்டுவாதம். எங்கள் ஆச்சி அதைச் சரவாங்கி என்பாள். 42இல் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார்கள். இந்த மூன்றில் இரண்டோ மூன்றோ புதிதாகத் தெரியவந்து, கையில் ரிப்போர்ட்டும் நெஞ்சில் பயமுமாக பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற தங்கச்சிகளுக்கும் மதினிகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வீட்டில் எதைக் கவனிப்பது, டாக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்பதற்கு மட்டும் இது உதவும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மூன்று நோயும் ஒரே உடம்பில் இருக்கும்போது, வலி வந்ததும் மருந்தைத் தேடாமல், இந்த வலி மூன்றில் எதனுடையது என்று முதலில் கேட்க வேண்டும். மூட்டுக்குக் கொடுக்கிற மருந்து தைராய்டைத் தொடாது. தைராய்டு மாத்திரையைக் கூட்டினால் ஃபைப்ரோமயால்ஜியா அடங்காது.

மூன்றும் வேறு வேறு

கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி விரித்தாற்போல் ஒட்டியிருக்கிற சுரப்பிதான் தைராய்டு. அது சரியாகச் சுரக்காவிட்டால் உடம்பின் எல்லா வேலையும் மந்தமாகும். அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி கொட்டுதல், முகம் உப்புதல், மாதவிலக்குக் கோளாறு என்று வரும். அதோடு சதை பிடித்துக்கொள்வது, உளைச்சல், ராத்திரியில் விரல் மரத்துப்போவது ஆகியவையும் தைராய்டு குறைவாலேயே வரும். இதைப் பலரும் சொல்வதில்லை. தைராய்டு குறைய முக்கியக் காரணம், நம் உடம்பின் காவல் செல்களே அந்தச் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குவது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

ருமட்டாய்டு மூட்டுவாதமும் அதே வகைத் தாக்குதல்தான். அங்கே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும். அதனால்தான் ஒன்று இருப்பவர்களுக்கு மற்றொன்றும் வருவது சற்று அதிகம். வயதாகி முழங்கால் தேய்ந்து வருகிற முட்டுவலி இது இல்லை. அது வேறு வகை, அதற்கு வைத்தியமும் வேறு. சிக்குன்குனியா வந்துபோன பிறகு மாதக்கணக்கில் மூட்டு வீங்கி வலிப்பதும் நம் பக்கம் உண்டு. டாக்டரிடம் போகும்போது முன்பு அந்தக் காய்ச்சல் வந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

ஃபைப்ரோமயால்ஜியாவில் எதுவும் எதையும் தாக்குவதில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருத்தர் மெதுவாகப் பேசினாலும் தெரு முழுக்க அலறும். அதுபோல மூளையும் நரம்பும் சின்ன வலியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. ரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது, வீக்கமும் இருக்காது. மூன்று மாதத்துக்கு மேல் உடம்பின் பல இடங்களில் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, எதற்கு அடுப்படிக்கு வந்தோம் என்பதே மறந்துபோகிற மந்தம், இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். முன்பு 1990இல் வகுத்த முறைப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால்தான் இது என்பார்கள். 2010க்குப் பிறகு அப்படி எண்ணிப் பார்ப்பது கட்டாயம் இல்லை. வேறு நோய் இருந்தாலும் கூடவே ஃபைப்ரோமயால்ஜியாவும் இருக்கலாம் என்பதையும் இப்போது ஒத்துக்கொள்கிறார்கள். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உனக்கு ஒன்னுமில்ல" என்று யாராவது சொன்னால் மனசு உடைந்துவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் தெரியாத வலியும் வலிதான்.

முதலில் தைராய்டு

மூன்றில் எதை முதலில் கவனிப்பது என்று கேட்டால் தைராய்டு என்பேன். கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும், மருந்து விலை குறைவு, சரியானால் வலியில் ஒரு பங்கு தானாகக் குறையும். அந்தப் பரிசோதனையில் பார்ப்பது டிஎஸ்ஹெச், தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைப் பக்கமிருந்து வருகிற உத்தரவு; தைராய்டு குறைந்தால் இது ஏறும். டிஎஸ்ஹெச் கூடுதலாக இருக்கிற வரைக்கும் உங்கள் சதை வலியில் எவ்வளவு ஃபைப்ரோமயால்ஜியா, எவ்வளவு தைராய்டு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாத்திரை போடுகிற விதம்தான் பாதி வைத்தியம். அதிகாலை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் வேண்டாம். கருப்பட்டிக் காப்பி, கடுங்காப்பி எதுவானாலும் அதுவரை பொறுங்கள். காப்பி அந்த மாத்திரையை உடம்பில் சேர விடாது. நான் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாத்திரம் கழுவி முடிக்கும்போது நேரம் சரியாக இருக்கும். காலையில் முடியாதவர்கள் டாக்டரைக் கேட்டு ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப்போகும்போது போடலாம். பாட்டிலை அடுப்படியில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் அதற்கு ஆகாது.

இனி சொல்வது மூன்று நோயும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிற இடம். எனக்கு இது புரிய நான்கு வருஷம் ஆனது. மூட்டுக்கு நல்லது என்று கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. இரண்டையும் மறக்காமல் இருக்கத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே காலையில் விழுங்கினேன். கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் ஏறியது. ஏறியதும் மேலு வலி கூடியது. வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டேன். அதில் வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு அமிலம் குறைக்கிற மாத்திரையும் மருந்துத் தண்ணீரும். அவையும் தைராய்டு மருந்தைச் சேர விடாமல் தடுக்கும். மறுபடி டிஎஸ்ஹெச் ஏறியது. இப்படிச் செக்கு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். மாத்திரைகளின் நேரத்தை மாற்றியதில்தான் இந்தச் சுற்று நின்றது.

இப்போது என் கணக்கு இது. காலை ஐந்து மணிக்குத் தைராய்டு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம். இரும்புச்சத்து சாயங்காலம். தைராய்டுக்கும் இவற்றுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு தினமும் மாத்திரை போடுகிறவர்கள் அதைத் தைராய்டு டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் அது நிதானமாகத்தான் நிலைக்கும். பத்து நாளில் பார்த்து "குறையலையே" என்று தவிக்க வேண்டாம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டும்.

இன்னொரு தப்பையும் சொல்ல வேண்டும். என் டிஎஸ்ஹெச் சரியான அளவில் இருந்தும் அசதி போகவில்லை என்று ஒரு கிளினிக்கில் தைராய்டு மாத்திரையை 75 மைக்ரோகிராமிலிருந்து 125 ஆக்கினார்கள். இரண்டு மாதத்தில் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ராத்திரி தூக்கம் போனது. தூக்கம் போனதும் ஃபைப்ரோமயால்ஜியா வலி ஏறிக்கொண்டது. மருந்து அதிகமானால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் மெலியும். டிஎஸ்ஹெச் சரியாக இருந்தும் வலி இருந்தால், "தைராய்டைக் கூட்டுங்க" என்று கேட்காமல் "இது வேற எதனால இருக்கும்?" என்று கேளுங்கள். ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, சர்க்கரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் ஏறினாலும் உடம்பு இதே மாதிரிதான் வலிக்கும்.

மூட்டா, சதையா

தைராய்டு நேரானபிறகு மிச்சமிருக்கிற வலியைப் பிரிக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் படுக்கையிலேயே பாருங்கள். இரண்டு கையையும் மடக்குங்கள். விரல் உள்ளங்கையைத் தொடுகிறதா? இல்லையென்றால் எத்தனை நிமிஷம் கழித்துத் தொடுகிறது? ருமட்டாய்டு மும்முரமாக இருந்தால் இந்த விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். நடமாட நடமாட இளகும். தேய்மானத்தில் வருகிற விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், ஆனால் வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

பிறகு விரல் கணுக்களையும் மணிக்கட்டையும் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று வீங்கி, லேசாகச் சுட்டால் அது மூட்டுவாதம். மோதிரமும் வளையலும் இறுகுவது நல்ல அடையாளம். வீக்கமும் இல்லை, சூடும் இல்லை, ஆனால் தோள்பட்டை, முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி கிடக்கிறது, லேசாகத் தொட்டாலே நோகிறது, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் அது பெரும்பாலும் ஃபைப்ரோமயால்ஜியா. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியானால் அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது. தைராய்டிலும் வரும், மூட்டுவாதத்திலும் வரும், பீடி சுற்றுகிற கைக்கும் வரும். அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். தேதி, விறைப்பு எத்தனை நிமிஷம், வீங்கின மூட்டு எது, தூக்கம் எப்படி, அன்று என்ன வேலை செய்தோம். அவ்வளவுதான். மூன்று வாரம் எழுதினால் உங்களுக்கே ஒரு போக்கு தெரியும். எனக்குத் தெரிந்தது, கலியாண வீட்டுக்குப் போய் வந்த இரண்டாம் நாள்தான் சதை வலி வரும், மறுநாள் வராது என்பது. மூட்டு வீக்கத்துக்கும் கலியாண வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. நோட்டை டாக்டர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் வீக்கம் இருந்த நாளை எண்ணிப் பார்த்து, மூட்டுவாத மாத்திரையைக் கூட்டாமல் தூக்கத்துக்கு வழி சொன்னார். அதுவரை வருஷக்கணக்கில் நடக்காதது அது.

மூட்டுவாத மருந்து

ருமட்டாய்டு என்றால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள், சீக்கிரம் பாருங்கள். முதல் சில மாதங்களில் சரியான மருந்து தொடங்கினால் விரல் கோணாமல் காப்பாற்றலாம். கோணிய பிறகு நிமிர்த்த முடியாது. என் இடது கைச் சுண்டுவிரல் அப்படித்தான் நின்றுவிட்டது.

பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் தருவார்கள். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையிலோ வீட்டிலோ மாறிப்போய் தினமும் போட்டு ரத்த அணுக்கள் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் உண்டு. கிழமையைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். கூடவே ஃபோலிக் அமிலம் தருவார்கள், எந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணு பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் எடுங்கள். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள். மூத்திரக் கடுப்புக்கு வேறு டாக்டரிடம் போனால் "நான் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுதேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்தக் கடுப்புக்குத் தருகிற கோட்ரைமாக்ஸசோல் என்கிற மாத்திரையும் இதுவும் சேரக் கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் அதற்கு மாதங்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். இந்த மருந்து கருவுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரை அப்படி இல்லை, கர்ப்பத்தில் அதை நிறுத்தவே கூடாது, பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனதும் டாக்டரிடம் போங்கள். மூட்டுவாதத்துக்குத் தருகிற இன்னொரு மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஊசிக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் ஓரிடத்தில் வாரம் ஒரு ஊசி போட்டார்கள். போட்ட அன்று சாயங்காலமே பறவை மாதிரி நடந்தேன். "இவ்வளவு நாளா ஏன் இதப் போடல" என்று அழுகை வந்தது. ஆறு மாதத்தில் முகம் வட்டமாக உப்பியது, சர்க்கரை ஏறியது. அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்லவில்லை. மூட்டு நிபுணர் கணக்குப் பார்த்துக் கொஞ்ச நாள் கொடுப்பார், பிறகு படிப்படியாகக் குறைப்பார். பெயர் சொல்லாமல், சீட்டு எழுதாமல் போடுகிற ஊசியைத்தான் சொல்கிறேன். பல மாதம் போட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அப்படிப் போட்டிருந்தால் பயப்படாமல் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிக் குறைக்க வழி கேளுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர் நம்முடையது. சித்த வைத்தியம் பார்க்க நினைத்தால் அங்கே படித்தவர்களிடம் போங்கள். இரண்டு பக்கமும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். பொட்டலத்தில் பெயரில்லாமல் தருகிற பொடியும் உருண்டையும் வேண்டாம். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை சுட்டுச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிடாதீர்கள்.

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அசைவுதான் மருந்து

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. வலியில் கிடக்கிறவளை நடக்கச் சொல்கிறார்களே என்று. ஆனால் 2017இல் ஐரோப்பிய மூட்டுவாத நிபுணர்கள் எல்லா வைத்தியத்தையும் அலசி, உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். எப்படித் தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாளே பாளை வ.உ.சி. மைதானத்தை நாலு சுற்று சுற்றினால் மூன்று நாள் எழ முடியாது. ஐந்து நிமிஷம் போதும். வாசலிலிருந்து தெருமுனைக் குழாயடி வரை போய் வாருங்கள். ஒரு வாரம் அப்படியே. அடுத்த வாரம் ஒரு நிமிஷம் கூட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. நான் ஐந்து நிமிஷத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷத்துக்கு வர எட்டு மாதம் ஆனது. மூட்டு வீங்கி இருக்கிற நாளில் நடையைக் குறைத்து, உட்கார்ந்தே கைகால் நீட்டி மடக்குங்கள். முற்றிலும் நிறுத்தாதீர்கள்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் மூட்டு வீக்கத்துக்குக் கேட்கும், ஃபைப்ரோமயால்ஜியாவுக்குப் பெரிதாகக் கேட்காது. கேட்காததை மேலும் மேலும் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் போகும். இதற்கு ராத்திரியில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்ஸெடின், பிரிகாபலின் தருவார்கள். கடைக்காரர் "இது மனசுக்குக் கொடுக்கிறதாச்சே" என்றதும் நான் வீட்டில் ஒளித்துவைத்தேன். அதே மருந்து வலியைப் பெரிதாக்குகிற நரம்பையும் அடக்குகிறது, அதனால் கொடுக்கிறார்கள். அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலைக் கூட்டும், தைராய்டு உள்ளவர்களுக்கு அது ஏற்கெனவே இருக்கும், அதனால் தண்ணீரும் கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிகாபலின் தலைசுற்றும், காலில் நீர் கோக்கும், எடையும் கூடலாம். பிடிக்கவில்லை என்றாலும் இவற்றைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

தூக்கத்துக்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, நாலு மணிக்கு மேல் காப்பி இல்லை, படுக்குமுன் தோளுக்கும் இடுப்புக்கும் வெந்நீர். குறட்டை அதிகம், பகலெல்லாம் தூங்கி விழுகிறோம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நல்ல நாளில்தான் கவனம் வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் வலி இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒட்டடை அடித்து, முறுக்கு சுட்டு, அதிரசத்துக்கு மாவிடித்து, ராத்திரி பதினொரு மணி வரை நின்றேன். தீபாவளிக்கும் அடுத்த மூன்று நாளும் பாயில்தான். இப்போது சிறுவீட்டுப் பொங்கலுக்கு மகளுக்கு மண்ணில் சின்ன வீடு கட்ட உட்காரும்போதுகூட அரை மணி வேலை, பத்து நிமிஷம் ஓய்வு என்று கடிகாரம் பார்க்கிறேன். வலி வந்தபிறகு ஓய்வெடுப்பதில் பயன் குறைவு, வருமுன் எடுக்க வேண்டும்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

அருவாமணையில் குத்தவைத்து நறுக்குவதை விடுங்கள். மேசையும் கத்தியும், உட்கார ஒரு ஸ்டூலும் போதும். குடத்தை இடுப்பில் தூக்காமல் பாதிக் குடமாக இரண்டு நடை எடுங்கள். கரண்டிப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல் இறுக்க வேண்டியதில்லை. கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாவிட்டால் நடுவில் துளையிட்ட நாற்காலி கிடைக்கும். மார்கழிக் கோலத்தைச் சின்னதாகப் போடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். பீடி சுற்றுகிறவர்கள் சுவரில் சாய்ந்து, சொளவை மடியில் வைக்காமல் உயரமான பலகையில் வைத்துப் பாருங்கள். ஐம்பது பீடிக்கு ஒருமுறை கையை நீட்டி உதறுங்கள்.

சாப்பாட்டில் பெரிய விலக்கு எதுவும் இல்லை. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம். உப்பு மட்டும் கவனியுங்கள். தூத்துக்குடி உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேர்க்காத கல்லுப்பு நம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். இந்துப்பும் இப்போது பரவுகிறது. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அதற்காகக் கடல்பாசி மாத்திரை வாங்கி அயோடினை ஏற்றவும் வேண்டாம், அதிகமானாலும் ஹஷிமோட்டோவுக்குக் கெடுதல். எடை குறைந்தால் முழங்கால் உடனே நன்றி சொல்லும், ஆனால் பட்டினி கிடந்து குறைக்காதீர்கள்.

வீட்டாருக்குச் சொல்வது

வெளியே கட்டும் இல்லை, காயமும் இல்லை. அதனால் வீட்டில் நம்பமாட்டார்கள். என் மாமியார் பல வருஷம் "நல்லாத்தான இருக்கா, வேலைன்னா மட்டும் மேலு வலிக்கும்" என்பார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. ஒருநாள் அத்தையின் கையைப் பிடித்து என் வீங்கின மணிக்கட்டின் மேல் வைத்தேன். "ஏட்டி, இப்படிச் சுடுதே" என்றார்கள். அடுத்த வாரம் வீக்கமே இல்லாத நாளில், "இன்னைக்கு அது இல்ல அத்தை, இன்னைக்குச் சதை வலி, இது தொட்டா தெரியாது" என்றேன். இரண்டும் வேறு என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. "முடியல" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "இந்தக் குத்துப்போணிய மட்டும் இறக்கித் தாங்க" என்று இன்ன வேலை என்று கேட்டால் செய்வார்கள். மனசு மிகவும் சோர்ந்து, வாழ வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அதையும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். தைராய்டு குறைவே மனதைச் சோர்வாக்கும், ஓயாத வலியும் அதையே செய்யும். அதற்கு வைத்தியம் இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் சில உண்டு. ஒரே மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால், கண் மஞ்சளானால், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், முகம் உப்பி உடம்பு ஜில்லிட்டு எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தில் கட்டி வளர்வதோ குரல் மாறி அப்படியே நிற்பதோ தெரிந்தால் அந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

டாக்டரிடம் போகிற அன்று

ஒரே ஒரு தாளில் மூன்று நோயின் பெயர், தெரிந்த வருஷம், இப்போது சாப்பிடுகிற எல்லா மருந்தும் அளவும் நேரமும், கடைசி டிஎஸ்ஹெச், ஒவ்வாத மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். தைராய்டுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று பார்த்தால் இருவருக்கும் அதே தாளைக் காட்டுங்கள். கேட்க நினைப்பதில் முக்கியமான மூன்றைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். உள்ளே போனதும் மறந்துவிடும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பொம்பளைகளான நமக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அதனால் காசுக்கு யோசித்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தம் கொடுக்கிற நாளில் நான் தைராய்டு மாத்திரையை வீட்டில் போடுவதில்லை, ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். உங்கள் டாக்டரிடமும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே தண்ணீர் பாட்டில், நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும் பொட்டலமாக. ரத்தம் கொடுத்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டு மரத்தடி பெஞ்சில் உட்காருங்கள். அரை மணி ஆனபிறகு பொட்டலத்தைப் பிரியுங்கள்.